கரிம வேதியியலாளர் ஒருவரின் மேற்கோள் கணக்கு: எந்த எண்ணை எழுதுவது, எப்படி விளக்குவது?

கேள்வி – ஐசோப்ரீன்

வணக்கம். மூத்த கரிம வேதியியலாளர் ஒருவரின் ஆய்வுப்பணி பற்றி இரண்டு பக்க மதிப்பீட்டுக் குறிப்பு தயாரிக்க வேண்டும். படிக்கப்போகும் குழுவில் பாதிப்பேர் இயற்பியல், பொருளறிவியல் துறையினர்.

24 ஆண்டுப் பணி. மொத்தம் 112 கட்டுரைகள். அவற்றில் 9 ரிவ்யூ (பிறர் ஆய்வுகளைத் திரட்டி அலசும் கட்டுரை), 14 முழுத்தொகுப்பு (இயற்கைச் சேர்மத்தை எளிய பொருள்களிலிருந்து படிப்படியாக உருவாக்குவது), மற்றவை பெரும்பாலும் பல்லேடியம் வினையூக்கத்தில் புதிய வினைமுறைகள். மேற்கோள்களை எண்ணும் மூன்று தளங்களில் இன்று எடுத்த எண்கள் இவை (எச்-இண்டெக்ஸ் 33 என்றால், 33 கட்டுரைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 33 மேற்கோள்):

கூகுள் ஸ்காலர்: மேற்கோள் 6,100, எச்-இண்டெக்ஸ் 38
ஸ்கோப்பஸ்: 4,700, எச் 33
வெப் ஆஃப் சயின்ஸ்: 4,300, எச் 31

என் சந்தேகங்கள்: மூன்றில் எதை எழுதுவது? பொருளறிவியலில் எச் 60, 70 பார்த்துப் பழகியவர்களிடம் 33 என்றால் குறைவாகத் தெரியுமே, அதை எப்படி விளக்குவது? 9 ரிவ்யூக்கள் மட்டுமே ஸ்கோப்பஸ் கணக்கில் 1,500 மேற்கோளுக்கு மேல் வைத்திருக்கின்றன. ஒரே ஒரு வினைமுறைக் கட்டுரைக்கு 640. இவற்றைச் சேர்த்துச் சொல்வதா, தனியாகச் சொல்வதா?

---

பதில் 1 – மெல்லடுக்கு

எந்த எண் என்று முடிவு செய்வதற்கு முன் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். மூன்று தளங்களும் வேறு வேறு எண் காட்டுவதில் ஒரு பகுதி நியாயமான வித்தியாசம், இன்னொரு பகுதி வெறும் பிழை. பிழையை நீக்காமல் எந்த எண்ணை எழுதினாலும் குழுவில் யாராவது அதே தளத்தைத் திறந்து பார்த்து "இங்கே வேறு எண் இருக்கிறதே" என்று கேட்பார்கள்.

அவரே கொடுத்த கட்டுரைப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள், தளத்தின் பட்டியலிலிருந்து அல்ல. ஒவ்வொரு கட்டுரைக்கும் டிஓஐ எண்ணை (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்) எக்ஸெல் தாளில் ஒரு பத்தியில் போடுங்கள். அடுத்த மூன்று பத்திகளில் ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்காலர் மேற்கோள்கள். 112 வரிசைதான், ஒரு நாள் வேலை. ஆர்கிட் (ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் தளம்) பக்கம் ஒழுங்காக வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் முடியும். ஆனால் ஆர்கிட் 2012 அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய கட்டுரைகளைப் பலர் அதில் சேர்ப்பதே இல்லை, ஆகவே அதை மட்டும் நம்ப வேண்டாம்.

கரிம வேதியியலில் குறிப்பாக மாட்டிக்கொள்ளும் இடங்கள்:

ஆங்கெவாண்டே கெமி. இந்த வேதியியல் இதழ் ஜெர்மன் பதிப்பு, பன்னாட்டுப் பதிப்பு என இரண்டாக வருகிறது. ஒரே கட்டுரைக்கு இரண்டு தொகுதி எண், இரண்டு பக்க எண், இரண்டு டிஓஐ. 10.1002 என்பதற்குப் பிறகு ஒன்றில் "ஏஎன்ஐஈ" என்றும் மற்றொன்றில் "ஏஎன்ஜிஈ" என்றும் இருக்கும். ஷார்ப்லெஸ் குழுவின் 2001 கிளிக் வேதியியல் கட்டுரையையே பாருங்கள்: பன்னாட்டுப் பதிப்பில் 40ஆம் தொகுதி, பக்கம் 2004, ஜெர்மன் பதிப்பில் 113ஆம் தொகுதி, பக்கம் 2056. மேற்கோள் காட்டுபவர்களில் பலர் இரண்டையும் ஒரே வரியில் எழுதுவார்கள். டிஓஐயை வைத்து எண்ணும் கருவிகளில் இது இரண்டு கட்டுரையாகிவிடும். ஸ்காலரில் அவருடைய புரொஃபைலிலும் இரண்டு வரியாக நிற்கலாம். இணைத்துவிடுங்கள்.

முன்பதிப்பு, அதாவது இதழில் வரும் முன் இணையத்தில் வெளியிடும் வடிவம். வேதியியலுக்கான முன்பதிப்புத் தளமான கெம்ஆர்கைவ் 2017இல் வந்த பிறகு, முன்பதிப்புக்குக் கிடைத்த மேற்கோளும் இதழில் வந்த கட்டுரைக்குக் கிடைத்த மேற்கோளும் பிரிந்து கிடப்பது சகஜம்.

ஆர்கானிக் சிந்தெசிஸ். சரிபார்த்த செய்முறைகளை வெளியிடும் தொடர் இது. ஆண்டுத் தொகுதி ஒன்று, பிறகு அதே செய்முறை திரட்டுத் தொகுதியில் இன்னொரு பக்க எண்ணோடு. மேற்கோள்கள் இரண்டுக்கும் சிதறிவிடும்.

கூட்டுக் குறிப்புகள். நம் துறையில் ஒரே குறிப்பு எண்ணுக்குள் அ, ஆ, இ என்று ஐந்தாறு கட்டுரைகளை அடுக்கும் வழக்கம் உண்டு. பழைய கட்டுரைகளில் இதழின் பெயரைத் திரும்ப எழுதாமல் "முன் சொன்னதே" என்று சுருக்கியும் இருப்பார்கள். தளத்தின் நிரல் இவற்றைப் பிரிக்கும்போது சில உதிர்ந்துபோகும், சில தவறான பக்க எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். வெப் ஆஃப் சயின்ஸில் "மேற்கோள் காட்டப்பட்ட குறிப்புத் தேடல்" என்று தனிப் பகுதி இருக்கிறது. அதில் ஆசிரியர் பெயரும் இதழின் சுருக்கமும் கொடுத்தால், ஒட்டாமல் நிற்கும் வடிவங்களெல்லாம் வரிசையாகத் தெரியும். அதிகம் மேற்கோள் பெற்ற 10 கட்டுரைகளுக்கும், எச் எல்லைக்கு அருகே இருப்பவற்றுக்கும் மட்டும் இதைச் செய்தால் போதும்.

பெயர். முன்னெழுத்து ஒன்றா இரண்டா, எது குடும்பப்பெயர் என்று குழம்பும் இடத்தில் ஸ்கோப்பஸ் ஒரே ஆளை இரண்டு புரொஃபைலாகப் பிரித்துவிடும். பணியிடம் மாறிய ஆண்டை ஒட்டிய கட்டுரைகளை முதலில் சரிபாருங்கள், பிளவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். திருத்தக் கோரிக்கை போட ஆசிரியர் பக்கத்திலேயே வழி உண்டு, ஆனால் உடனே மாறாது. அதுவரை உங்கள் எக்ஸெல் எண்ணையே பயன்படுத்துங்கள்.

வெப் ஆஃப் சயின்ஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் நிறுவனம் எந்த ஆண்டிலிருந்து, எந்தெந்தப் பகுதிகளுக்குச் சந்தா கட்டியிருக்கிறதோ அதுவரைதான் கணக்கு காட்டும். ஒரே ஆளுக்கு இரண்டு நிறுவனங்களிலிருந்து பார்த்தால் இரண்டு எச் வரக் காரணம் இதுதான்.

சுத்தம் செய்த பிறகு ஸ்கோப்பஸ் எண்ணை எழுதுங்கள், பக்கத்திலேயே எடுத்த தேதியையும். ஸ்காலர் எண்ணை ஒப்பீட்டுக்கு ஒரு வரியில் சொல்லலாம். ஆய்வேடுகள், முன்பதிப்புகள், காப்புரிமைகள் எல்லாம் அதில் கலந்து வருவதால் அதுதான் எப்போதும் பெரிதாக இருக்கும்.

---

பதில் 2 – வளையமூடல்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எச் 33 ஏன் குறைவாகத் தெரிகிறது என்பதற்கு "எங்கள் துறையில் அப்படித்தான்" என்று மட்டும் எழுதினால் குழு ஏற்காது. காரணத்தோடு எழுதுங்கள். காரணங்கள் உண்மையிலேயே வலுவானவை.

முதலாவதும் மிக முக்கியமானதும்: கரிம வேதியியலில் மேற்கோள்களில் ஒரு பங்கு, கட்டுரையோடு தனியாக இணைக்கப்படும் துணைத் தகவல் கோப்புக்குள் போய்விடுகிறது. ஒருவர் கண்டுபிடித்த ஈனியை (வினையூக்கி உலோகத்தோடு பிணையும் மூலக்கூறு) வைத்து இன்னொரு குழு ஒரு தொடக்கச் சேர்மத்தைத் தயாரிக்கிறது என்று வையுங்கள். அந்தத் தயாரிப்பு முறை, அதற்கான குறிப்பு, என்எம்ஆர் (மூலக்கூறின் கட்டமைப்பைக் காட்டும் நிறமாலை) ஒப்பீடு எல்லாம் துணைக் கோப்பின் 40ஆம் பக்கத்தில் இருக்கும். ஸ்கோப்பஸும் வெப் ஆஃப் சயின்ஸும் கட்டுரையின் குறிப்புப் பட்டியலைத்தான் படிக்கின்றன. துணைக் கோப்பைத் தொடுவதில்லை. ஆய்வகத்தில் உண்மையாகப் பயன்படும் கட்டுரைதான் இதில் அதிகம் இழக்கிறது.

இரண்டாவது, வினை எல்லோருக்கும் பழகிப்போனதும் மேற்கோள் நின்றுவிடும். சுசுகி கப்ளிங்கை (பல்லேடியம் கொண்டு இரண்டு கார்பன் துண்டுகளை இணைக்கும் வினை) செய்யும் எத்தனை பேர் 1979 டெட்ராஹெட்ரான் லெட்டர்ஸ் கட்டுரையைக் குறிப்பிடுகிறார்கள்? குறிப்பிடுபவர்களும் மியாவுராவும் சுசுகியும் 1995இல் கெமிக்கல் ரிவ்யூஸில் எழுதிய ரிவ்யூவைத்தான் எடுக்கிறார்கள். விட்டிக், கிரிக்னார்ட் வினைகளுக்குக் குறிப்பே போடுவதில்லை. பெயரே மேற்கோளாகிவிட்டது. ஸ்டில் குழு 1978இல் ஜர்னல் ஆஃப் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் எழுதிய பிளாஷ் குரோமட்டோகிராபி (கலவையிலிருந்து சேர்மத்தைப் பிரித்துத் தூய்மையாக்கும் முறை) கட்டுரை மூன்றே பக்கம். உலகத்தின் எந்தக் கரிம ஆய்வகத்திலும் அந்த முறை தினமும் நடக்கிறது. செய்முறைப் பகுதியில் "பிளாஷ் குரோமட்டோகிராபி மூலம் தூய்மையாக்கப்பட்டது" என்று எழுதி அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம்.

மூன்றாவது, ஒப்பிடும் கூடை. எசென்ஷியல் சயின்ஸ் இண்டிகேட்டர்ஸ் என்ற மேற்கோள் தரவுத்தளம் மொத்த அறிவியலையும் 22 துறைகளாகப் பிரிக்கிறது. அதில் வேதியியல் முழுவதும் ஒரே துறை. நானோபொருள், மின்வேதியியல், ஒளிவினையூக்கம் எல்லாம் அதே கூடையில். "அதிக மேற்கோள் பெற்ற கட்டுரை" என்ற அடையாளம் அந்தத் துறையின் மேல் 1 சதவீதத்துக்குத்தான் கிடைக்கும். ஆகவே முழுத்தொகுப்புக் கட்டுரை அங்கே வருவது மிகக் கடினம். வராததைக் குறையாக எழுதக்கூடாது.

ஸ்கோப்பஸின் துறைச்சமன் மேற்கோள் விகிதமும் (அதே துறைக் கட்டுரைகளோடு ஒப்பிட்ட மேற்கோள், உலகச் சராசரி 1.00) இதே சிக்கலில் மாட்டும். கட்டுரையின் துறையை அது இதழை வைத்தே முடிவு செய்கிறது. ஆர்கானிக் லெட்டர்ஸில் வந்தது கரிம வேதியியலோடு ஒப்பிடப்படும். அதே வேலை ஜாக்ஸில் (அமெரிக்க வேதியியல் சங்கத்தின் பொது வேதியியல் இதழ்) வந்திருந்தால் பொது வேதியியல், வினையூக்கம், உயிர்வேதியியல், கூழ்மப் பரப்பு வேதியியல் என்று கலந்த கூடையோடு ஒப்பிடப்படும். நல்ல இதழில் போட்டதாலேயே விகிதம் இறங்கும் விசித்திரம் இதனால்தான் நடக்கிறது.

இன்னொன்று: அந்த விகிதத்தின் சராசரியை மட்டும் எழுதாதீர்கள். ஐந்து கட்டுரைகளுக்கு 0.4, 0.7, 0.9, 1.1, 14.0 என்று இருந்தால் சராசரி 3.42, இடைநிலை 0.9. இரண்டும் உண்மைதான், ஆனால் படிப்பவர் மனதில் எழும் சித்திரம் நேர் எதிர். இரண்டையும் எழுதுங்கள்.

ரிவ்யூ பற்றி: கட்டாயம் தனியாக. ரிவ்யூ எழுதுவது பெரிய உழைப்பு, துறைக்குச் சேவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் ரிவ்யூவுக்கு வரும் மேற்கோள் அதில் தொகுக்கப்பட்ட 200, 300 கட்டுரைகளுக்கும் சேர்த்து வருவது. "103 ஆய்வுக் கட்டுரைகள் இத்தனை, 9 ரிவ்யூக்கள் இத்தனை" என்று இரண்டு எண் போட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை (அதன் அண்மைக் கட்டுரைகளின் சராசரி மேற்கோள்) அவர் கட்டுரைகளுக்குப் பக்கத்தில் எழுதவே வேண்டாம். ஆய்வு மதிப்பீடு பற்றிய 2012 சான்பிரான்சிஸ்கோ பிரகடனம் இதைத்தான் முதல் பரிந்துரையாகச் சொல்கிறது. நம் துறைக்குப் பக்கத்திலேயே தெளிவான உதாரணம் இருக்கிறது. 2008இல் ஜார்ஜ் ஷெல்ட்ரிக், படிகக் கட்டமைப்பைத் தீர்க்கும் தம் மென்பொருள் பற்றி ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் இதையே பொதுக் குறிப்பாகக் காட்டலாம் என்று கட்டுரைச் சுருக்கத்திலேயே சொல்லியிருந்தார். அடுத்த ஆண்டு அந்த இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் 2 அளவிலிருந்து கிட்டத்தட்ட 50க்கு ஏறியது. அதே இதழில் வந்த மற்ற கட்டுரைகளின் தரம் ஒரே ஆண்டில் 25 மடங்கு கூடிவிடவில்லை. தவிர, அந்தக் கணக்கு இரண்டு ஆண்டு மேற்கோளைத்தான் பார்க்கிறது. கரிம வேதியியல் கட்டுரை பத்தாண்டு கழித்தும் செய்முறைக்காகத் தேடி எடுக்கப்படும்.

---

ஐசோப்ரீன்

இருவருக்கும் நன்றி. பட்டியலைச் சரிபார்த்தேன். ஸ்கோப்பஸில் 7 கட்டுரைகள் வேறொரு புரொஃபைலில் இருந்தன. ஸ்காலரில் ஆங்கெவாண்டே கட்டுரைகள் 6 இரட்டையாக நின்றன. இப்போது ஸ்கோப்பஸ் 4,850, எச் 34. ரிவ்யூக்களை எடுத்துவிட்டால் 3,330, எச் 31.

அடுத்த சந்தேகம்: தன்மேற்கோளை எப்படிக் கழிப்பது? கூட்டு ஆசிரியர் கட்டுரைகளில் அவர் பங்கு எவ்வளவு என்று எப்படிக் காட்டுவது? அந்த 640 மேற்கோள் கட்டுரையால்தான் எச் உயர்ந்து நிற்கிறதோ என்று ஒருவர் கேட்டார்.

---

பதில் 3 – இரட்டைப்பிணைப்பு

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது எச்-இண்டெக்ஸ் பற்றிய தவறான புரிதல். இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் இதை வரையறுத்தபோதே, ஒற்றைக் கட்டுரை எவ்வளவு பெரிதானாலும் எச்சைப் பெரிதாக அசைக்காது என்பதுதான் அதன் அடிப்படை.

பத்து கட்டுரைகளுக்கு இறங்குவரிசையில் மேற்கோள் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: 210, 94, 61, 40, 22, 13, 9, 8, 5, 2. எட்டாவது கட்டுரைக்கு 8, ஒன்பதாவதற்கு 5. ஆகவே எச் 8. முதல் கட்டுரையின் 210ஐ 2,100 ஆக்கினாலும் எச் 8தான். அதைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டால் 7. ஒரு கட்டுரையை நீக்கினால் எச் அதிகபட்சம் ஒன்றுதான் குறையும். உங்கள் ஆளின் 640ஐ நீக்கினால் 34 அல்லது 33. மொத்த மேற்கோளில்தான் அது 13 சதவீதம். எனவே 640 எச்சில் தெரியாது. அதைத் தனி வாக்கியமாகத்தான் சொல்ல வேண்டும்.

கணக்கு சரியா என்று சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. மொத்த மேற்கோளை எச்சின் வர்க்கத்தால் வகுங்கள். 3க்கும் 5க்கும் இடையில் வருவது வழக்கம் என்று ஹிர்ஷே சொல்லியிருக்கிறார். 4,850 ÷ 1,156 என்றால் 4.2. சரியாகவே இருக்கிறது. 8, 10 என்று வந்தால் ஒன்றிரண்டு கட்டுரைகளே எல்லாவற்றையும் தாங்குகின்றன, அல்லது வேறொருவரின் பெரிய கட்டுரை தவறிப்போய்ச் சேர்ந்திருக்கிறது.

தன்மேற்கோள்: "தன்" என்றால் யார் என்பதை முதலில் எழுதுங்கள். இவர் மட்டும் தம்மை மேற்கோள் காட்டுவது ஒரு கணக்கு. கட்டுரையின் எந்த ஆசிரியரும், முன்னாள் மாணவர் உட்பட, காட்டுவது இன்னொரு கணக்கு. ஸ்கோப்பஸில் இரண்டையும் தனித்தனியாகக் கழிக்கலாம். மாணவர் தனி ஆய்வகம் அமைத்து அதே வினையைத் தொடர்ந்தால் இரண்டாவது முறை அதையும் கழித்துவிடும், அது கொஞ்சம் கடுமைதான். இரண்டு எண்ணும் எழுதினால் இடைவெளி எவ்வளவு என்று படிப்பவரே பார்த்துக்கொள்வார்.

தன்மேற்கோளால் மொத்தம் மெதுவாகக் குறையும், எச்சில் பாதிப்பு எல்லையோரக் கட்டுரைகளில்தான். மேலே உள்ள பட்டியலில் 9இல் இரண்டும் 8இல் மூன்றும் தன்மேற்கோள் என்றால் அவை 7, 5 ஆகும். எச் 8 இப்போது 7. 210இல் முப்பதைக் கழித்தாலும் ஒன்றும் ஆகாது. ஆகவே சந்தேகம் வந்தால் பார்க்க வேண்டியது எச் எண்ணுக்கு மேலும் கீழும் மூன்று நான்கு இடத்தில் உள்ள கட்டுரைகளை. அங்கே மட்டும் தன்மேற்கோள் குவிந்திருந்தால் அது கவனிக்க வேண்டியது. முழுத்தொகுப்பில் மட்டும் ஒரு சலுகை கொடுங்கள்: ஒரே இயற்கை விளைபொருளின் இடதுபாதி ஒரு கட்டுரை, வலதுபாதி இன்னொன்று, இணைப்பு மூன்றாவது என்று வரும்போது முன்னதைக் குறிப்பிடாமல் எழுதவே முடியாது.

ஆசிரியர் பங்கு: வேதியியலில் அகரவரிசை கிடையாது. முதல் பெயர் பெரும்பாலும் ஆய்வகத்தில் வேலை செய்தவர். நட்சத்திரம் போட்டவர் தொடர்பு ஆசிரியர். பெரும்பாலும் கடைசிப் பெயரும் அவரே. இயற்பியல் துறையினருக்கு இது தெரியாமல் இருக்கலாம், ஒரு வரியில் விளக்குங்கள். 112ஐ மூன்றாகப் பிரியுங்கள்: வழிகாட்டியின் கீழும் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்விலும் எழுதியவை, தம் சொந்தக் குழுவிலிருந்து எழுதியவை, கூட்டாய்வில் பங்கு மட்டும் தந்தவை. சொந்தக் குழுக் கட்டுரைகளுக்கு மட்டும் தனி எச் போடுங்கள். மூத்தவரை மதிப்பிட என் பார்வையில் இந்த எண்ணே முக்கியமானது. மொத்த எச் இரண்டாமிடம்தான். வழிகாட்டியின் பெயரால் வந்த 300 மேற்கோள் கட்டுரை ஒன்று 24 ஆண்டு கழித்தும் கணக்கில் நிற்பது அடிக்கடி நடக்கும்.

நட்சத்திரம் இரண்டு மூன்று பேருக்கு இருந்தால் துணைக் கோப்பைத் திறந்து பாருங்கள். சேர்மங்களைத் தயாரித்தது எந்த ஆய்வகம், கணக்கீடு செய்தது எது என்பது அங்கே தெரியும். பல இதழ்களில் இப்போது ஆசிரியர் பங்களிப்புக் குறிப்பும் இருக்கிறது.

எச்சை ஆண்டால் வகுக்கும் எம் மதிப்பைக் குழு கேட்டால், 34 ÷ 24 = 1.4. ஹிர்ஷ் அதைப் பரிந்துரைத்தது இயற்பியலாளர்களை வைத்து என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

---

பதில் 4 – வடிகுழாய்

எண்கள் போதும். இப்போது அந்த 640 பேர் எதற்காக மேற்கோள் காட்டினார்கள் என்று பாருங்கள். வினைமுறை கண்டுபிடித்தவரின் தாக்கம் அங்கேதான் இருக்கிறது, இதைச் செய்யாமல் எழுதிய எந்த மதிப்பீடும் அரைகுறைதான்.

செய்யும் விதம்: 640 மேற்கோள் கட்டுரைகளையும் ஆண்டு வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு 16ஆவது கட்டுரையையும் எடுங்கள். 40 கிடைக்கும். ஒவ்வொன்றையும் திறந்து, குறிப்பு எண் வரும் வாக்கியத்தைப் படித்து நாலு கட்டங்களில் ஒன்றில் போடுங்கள். முன்னுரையில் "இதுபோன்ற வினைகள் பல உண்டு" என்று 10 குறிப்போடு சேர்த்து வந்ததா? அந்த வினையை அப்படியே தங்கள் தொகுப்பில் பயன்படுத்தினார்களா? ஈனியையோ கரைப்பானையோ மாற்றி மேம்படுத்தினார்களா? வேலை செய்யவில்லை, அல்லது வினைவழி தவறு என்று மறுத்தார்களா? ஒரு கட்டுரைக்கு ஐந்து நிமிடம், மொத்தம் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம்.

40இல் 11 பேர் உண்மையாகப் பயன்படுத்தியிருந்தால் "27.5 சதவீதம்" என்று எழுதாதீர்கள். 40 மாதிரிக்கு முன்னும் பின்னும் 14 புள்ளி பிழை வரம்பு உண்டு. "ஏறத்தாழ நாலில் ஒருவர்" என்றால் சரி. அதற்குப் பதிலாகப் பயன்படுத்திய கட்டுரைகளில் மூன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்: எந்தச் சேர்மம், எத்தனையாவது படி, எத்தனை கிராம் அளவு, என்ன விளைச்சல். "வேறொரு குழு 19 படித் தொகுப்பின் 16ஆவது படியில் இதை நம்பிச் செய்திருக்கிறது" என்பது போன்ற ஒரு வாக்கியம் கிடைத்தால், எந்த எச்சைவிடவும் அது பேசும். 16ஆவது படியில் கையில் இருப்பது சில மில்லிகிராம்தான். அங்கே யாரும் நம்பிக்கையில்லாத வினையைப் போடமாட்டார்கள். இது பொருளறிவியல்காரருக்கும் உடனே புரியும்.

மேற்கோள் இல்லாத பயன்பாட்டையும் தேடுங்கள். அவர் உருவாக்கிய ஈனியோ ரீஏஜெண்டோ விற்பனைக்கு வந்திருந்தால் அதற்குச் சிஏஎஸ் எண் (வேதிப்பொருளுக்கான தனி அடையாள எண்) இருக்கும். சைஃபைண்டர், ரியாக்ஸிஸ் என்ற வேதியியல் தரவுத்தளங்களில் ஒன்றில் அந்த எண்ணைப் போட்டு, வினையில் ரீஏஜெண்டாக அல்லது வினையூக்கியாக வரும் இடங்களை மட்டும் வடிகட்டுங்கள். காப்புரிமைகள் கொத்தாக வரும். மருந்து நிறுவனக் காப்புரிமையின் செய்முறைப் பகுதியில் "இந்த ஈனி, 2 மோல் சதவீதம், 80 டிகிரி" என்று இருக்கும், கட்டுரையின் பெயர் இருக்காது. எண்ணும்போது ஒரு எச்சரிக்கை: ஒரே கண்டுபிடிப்பு பல நாடுகளில் பதிவாகும். 30 ஆவணம் என்பது 6 காப்புரிமைக் குடும்பமாக இருக்கலாம். குடும்பத்தை எண்ணுங்கள்.

ஆர்கானிக் சிந்தெசிஸில் அவர் செய்முறை இருந்தால் தனியாகக் குறிப்பிடுங்கள். 1921 முதல் வரும் அந்த வெளியீட்டில் ஒவ்வொரு செய்முறையையும் ஆசிரியர் குழு உறுப்பினர் ஒருவரின் ஆய்வகத்தில் திரும்பச் செய்து பார்த்த பிறகே அச்சிடுகிறார்கள். சரிபார்த்தவர்கள் பெயரும் இருக்கும். மேற்கோள் 15தான் இருந்தாலும், அதன் விளைச்சல் இன்னொருவர் கையிலும் வந்தது என்பதற்கு அதுவே சான்று.

நாலாவது கட்டத்தை, அதாவது மறுப்புகளை, தவிர்க்காதீர்கள். பல்லேடியம் வேலை என்பதால் குறிப்பாகச் சொல்கிறேன். 2003இல் உலோக வினையூக்கி இல்லாமலே சுசுகி வகைக் கப்ளிங் நடக்கிறது என்று ஒரு கட்டுரை வந்தது. 2005இல் அதே குழுவே மறுபரிசீலனை செய்து, பயன்படுத்திய சோடியம் கார்பனேட்டில் 50 பிபிபி (நூறு கோடியில் 50 பங்கு) அளவு பல்லேடியம் இருந்ததையும், வினை நடக்க அதுவே போதுமானதாக இருந்திருக்கும் என்பதையும் எழுதியது. முதல் கட்டுரைக்கு வரும் மேற்கோள்களில் எத்தனை பாராட்டு, எத்தனை எச்சரிக்கை என்பது எண்ணைப் பார்த்தால் தெரியாது. தன்னையே திருத்திக்கொண்ட அந்தக் குழுவின் இரண்டாவது கட்டுரையை நான் பெரிய பங்களிப்பாகவே கருதுகிறேன். உங்கள் ஆளுக்கும் திருத்தமோ மறுப்போ இருந்தால் அதையும் எழுதுங்கள். 112 டிஓஐயையும், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைப் பட்டியலிடும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 2023 முதல், டிஓஐ எண்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது.

---

பதில் 5 – வளையமூடல்

வடிகுழாய் சொன்ன மாதிரி எடுக்கும் வேலையை முழுத்தொகுப்புக் கட்டுரைகளில் ஒன்றுக்கும் செய்யுங்கள். 14இல் அதிகம் மேற்கோள் பெற்றதை அல்ல, அவர் குழுவே முதலில் செய்து முடித்த ஒன்றை. அங்கே பார்க்க வேண்டியது வேறு: இயற்கை விளைபொருளின் கட்டமைப்பு திருத்தப்பட்டதா, ஒரு கைரல் மையம் (இடது-வலது வடிவத்தைத் தீர்மானிக்கும் அணு) மாற்றி எழுதப்பட்டதா, உயிரியல் சோதனைக்கு வேறு யாருக்காவது மாதிரி போனதா. 25 மேற்கோள் மட்டுமே பெற்ற கட்டுரை ஒரு சேர்மத்தின் கட்டமைப்பை நிரந்தரமாகத் திருத்தியிருக்கலாம்.

குறிப்பின் முதல் பத்தி கிட்டத்தட்ட இப்படி இருக்கட்டும், கோடிட்ட இடங்களை நீங்கள் நிரப்புங்கள்:

"24 ஆண்டுகளில் 103 ஆய்வுக் கட்டுரைகளும் 9 ரிவ்யூக்களும் (ஸ்கோப்பஸ், எடுத்த நாள் ____, பிரிந்திருந்த 7 கட்டுரைகள் சேர்க்கப்பட்டவை). ஆய்வுக் கட்டுரைகளுக்கு 3,330 மேற்கோள், எச் 31. எல்லா ஆசிரியர்களின் தன்மேற்கோளையும் கழித்தால் ____, எச் ____. சொந்தக் குழுவிலிருந்து தொடர்பு ஆசிரியராக எழுதியவை ____, அவற்றின் எச் ____. அதிகம் மேற்கோள் பெற்ற வினைமுறை (640) வேறு ஆய்வகங்களின் தொகுப்புகளில் நேரடியாகப் பயன்படுகிறது; ஆய்ந்த 40 மேற்கோள்களில் ____ அத்தகையவை."

இதற்குப் பிறகு மூன்று எடுத்துக்காட்டுத் தொகுப்புகள், காப்புரிமைக் குடும்பங்கள், திருத்தம் ஏதுமிருந்தால் அது. துறை விளக்கத்தைக் கடைசியில் வைக்காமல் எண்களுக்கு அடுத்த பத்தியிலேயே வையுங்கள். துணைக் கோப்பு மேற்கோள்கள் எண்ணப்படுவதில்லை என்ற விஷயம் அதில் முதல் வரியாக இருக்கட்டும்.

---

பதில் 6 – மெல்லடுக்கு

மேலே உள்ள மாதிரிப் பத்தியில் ஒரு திருத்தம். 40இல் எத்தனை என்று எழுதும்போது எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையும் அடைப்புக்குள் போடுங்கள்: "ஆண்டு வரிசையில் ஒவ்வொரு 16ஆவது". இல்லையென்றால் நல்லவற்றை மட்டும் பொறுக்கியதாக நினைப்பார்கள். எக்ஸெல் தாளையும் இணைப்பாகக் கொடுத்துவிடுங்கள். ஸ்கோப்பஸ் எண் வாரத்துக்கு வாரம் ஏறும்; குழு கூடும் நாளில் 4,850 என்பது 4,900 ஆகியிருந்தால் தேதியும் தாளும்தான் உங்களுக்கு ஆதாரம்.